லிட்டருக்கு 20 என்றார்கள், 12 தருகிறது: சின்ன எஸ்யூவி வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி, நவராத்திரி தொடங்கிய அன்று, சின்னக் கார்களுக்கான ஜிஎஸ்டி குறைந்தது. (தாம்பரம் பக்கத்துக்காரர்களுக்கு ஜிஎஸ்டி என்றால் முதலில் சாலைதான் ஞாபகம் வரும். இங்கே பேசுவது வரியை.) விலை இறங்கியதும் ஷோரூம்களில் கூட்டம் கூடியது. கிட்டத்தட்ட அதே மாதங்களில்தான் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் வந்து மைலேஜைக் காலி செய்துவிட்டது என்ற பேச்சும் கிளம்பியது. இரண்டும் சேர்ந்ததில், சிக்கனமான ஒரு சின்ன எஸ்யூவி வாங்கலாம் என்று கிளம்புகிற சென்னைக் குடும்பத்துக்கு மூன்று எண்கள் காதில் விழுகின்றன. விளம்பரத்தாளில் 20. ஷோரூமில் “சிட்டில 16 கிடைக்கும் சார்”. அதே காரை ஓட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது 11.

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. மூன்றும் வெவ்வேறு விதமாக எடுக்கப்பட்ட அளவுகள், அவ்வளவுதான். எந்த எண்ணை எதற்குப் பயன்படுத்துவது என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதி பணக் கணக்கு.

முதலில், ‘சின்ன எஸ்யூவி’ என்றால் எது?

நம் ஊரில் இந்தப் பெயரை முடிவு செய்தது வரிச் சட்டம். நீளம் 4 மீட்டரைத் தாண்டக்கூடாது. எஞ்சின் பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருக்க வேண்டும். இந்த வரம்புக்குள் வருகிற வண்டிதான் வரிக் கணக்கில் சின்னக் கார். அதனால்தான் நெக்ஸான், வென்யூ, சோனெட், மேக்னைட், கைகர் எல்லாமே 3,990 மில்லிமீட்டரை ஒட்டி வந்து பம்பரை நறுக்கினாற்போல் நின்றுவிடுகின்றன. க்ரெட்டா, செல்டோஸ், கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் போன்றவை 4.3 மீட்டருக்கு மேல், அவை அடுத்த வகுப்பு.

புதிய வரிப்படி சின்னக் காருக்கு 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40 சதவீதம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிரெஸ்ஸா நீளத்தில் 4 மீட்டருக்குள்தான், ஆனால் அதன் பெட்ரோல் எஞ்சின் 1462 சிசி. ஆகவே பார்வைக்குச் சின்ன எஸ்யூவி, வரிக்குப் பெரிய கார்: 40 சதவீதம். வரி குறைந்தபோது நெக்ஸான் பெட்ரோல் 29-லிருந்து 18-க்கு இறங்கியது, பிரெஸ்ஸா 45-லிருந்து 40-க்கு மட்டுமே இறங்கியது. “எல்லாக் காரும் ஒரு லட்சம் குறைஞ்சிடுச்சாமே” என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் சிலர் முகம் சுருங்கித் திரும்பியது இதனால்தான்.

அந்த 20 எங்கிருந்து வருகிறது?

விளம்பரத்தில் போடுகிற எண்ணைப் பேச்சுவழக்கில் ‘ஏஆர்ஏஐ மைலேஜ்’ என்பார்கள். ஏஆர்ஏஐ என்பது புனேயில் இருக்கும் வாகன ஆய்வு நிறுவனம். கார் அங்கே சாலையில் ஓடுவதில்லை. உருளைகள் மேல் சக்கரங்களை நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஓட்டுகிறார்கள். எத்தனையாவது வினாடியில் எவ்வளவு வேகம், எப்போது கியர் மாற்றுவது, எப்போது நிற்பது எல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்த நிரல். மொத்தம் 1,180 வினாடி, அதாவது 20 நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. ஏசி அணைத்திருக்கும். குறுக்கே ஷேர் ஆட்டோ வராது.

இதில் மோசடி எதுவும் இல்லை. எல்லாக் காரும் ஒரே தேர்வை எழுதுவதால், ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட அந்த எண் நன்றாகவே உதவும். உதாரணமாக மாருதியின் 1.2 லிட்டர் எஞ்சின், மேனுவல் கியர்: பலேனோவில் 22.35, அதே எஞ்சின் ஃபிராங்ஸில் 21.79. ஹேட்ச்பேக்கை (டிக்கி தனியாக நீளாத சாதாரணச் சின்னக் காரை) தூக்கி நிறுத்தி எஸ்யூவி தோற்றம் கொடுத்ததற்கான விலை சுமார் அரை கிலோமீட்டர் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். உயரமான, கனமான பிரெஸ்ஸாவுக்கு வந்தால் மாடலைப் பொறுத்து 17.38-லிருந்து 19.89 வரை. ஆக, வரிசைப்படுத்த இந்த எண் போதும். மாதாந்திர பெட்ரோல் செலவைப் போட இதை எடுத்தால் கணக்கு கவிழும்.

ஆற்காடு சாலையில் ஒரு மாலை

போரூரிலிருந்து வடபழனி வரை ஆற்காடு சாலையில் ஏழு கிலோமீட்டர் சொச்சம். மெட்ரோ வேலைக்காகத் தகர வேலி அடைத்து, சாலை பாதியாகச் சுருங்கிய ஒரு மாலை. பயணம் 50 நிமிடம். அதில் 20 நிமிடம் கார் நின்றுகொண்டேதான் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சாலையில் போனவர்கள் இதை மிகை என்று சொல்லமாட்டார்கள்.

நிற்கும்போதும் எஞ்சின் குடிக்கும். சின்ன பெட்ரோல் எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருக்க மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை கேட்கும்; ஏசி கம்ப்ரசரும் சேர்ந்தால் ஒரு லிட்டரைத் தொடும். 20 நிமிடத்துக்கு 300 மில்லி போகட்டும். மீதி நேரம் நகரும்போது லிட்டருக்கு 14 தருகிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டாலும், ஏழு கிலோமீட்டருக்கு 500 மில்லி. கூட்டினால் 800 மில்லி. ஏழை 0.8-ஆல் வகுத்தால் 8.75.

காரில் எந்தக் கோளாறும் இல்லை. சர்வீஸ் சென்டரில் போய்ச் சண்டை போட்டாலும் இந்த எண் மாறாது. அதே கார் மறுநாள் காலை ஐந்தரைக்கு ஈசிஆரில் மாமல்லபுரம் போனால் 18 காட்டும்.

நெடுஞ்சாலையிலும் ஒரு வரம்பு உண்டு. காற்று எதிர்த்துத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கூடுவது கால் பங்குதான், ஆனால் காற்றின் எதிர்ப்பு 56 சதவீதம் கூடும். முகப்பு உயரமான எஸ்யூவிக்கு இந்த அடி ஹேட்ச்பேக்கைவிட பலமாக விழும். பெங்களூரு சாலையில் 85-ல் போகிறவருக்கும் 115-ல் பறக்கிறவருக்கும் ஒரே கார் வேறு வேறு மைலேஜ் தருவது இதனால்.

சென்னைக்கே உரிய இன்னொன்று, ஏசி. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் சிக்கனக் குறிப்புகளில் ‘ஏசியை அணையுங்கள்’ என்று இருக்கும். கத்திரி வெயிலில், வெயிலில் நிறுத்திய காரில் ஏறி உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த அறிவுரையின் மதிப்பு தெரியும். இங்கே ஏசி என்பது அடிப்படைச் செலவு. அதைச் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். சிக்னலில் தானாக எஞ்சினை அணைக்கும் வசதியும் மே மாதத்தில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை: உள்ளே சூடு ஏறியதும் ஏசிக்காக எஞ்சின் மறுபடி கிளம்பிவிடும். பலர் அந்த பட்டனை நிரந்தரமாக அணைத்துவைத்திருக்கிறார்கள்.

ஈ20: எவ்வளவு உண்மை, எவ்வளவு பீதி?

ஈ20 என்றால் 20 சதவீதம் எத்தனால், 80 சதவீதம் பெட்ரோல். 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கி, 2025-க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். எனவே கலப்பு கூடக்கூட லிட்டருக்குக் கிடைக்கும் கிலோமீட்டர் குறையும். இது இயற்பியல், யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அளவைப் பாருங்கள். சுத்தமான பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஈ20-ல் சுமார் 7 சதவீதம் சக்தி குறைவு. ஏற்கெனவே நாம் போட்டுக்கொண்டிருந்தது 10 சதவீதம் கலந்த ஈ10. அதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி. 13 தந்த கார் 12.5 தரலாம். ‘15 தந்தது 10 ஆகிவிட்டது’ என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது: டயர் காற்று, ஏர் ஃபில்டர், மாறிய அலுவலகப் பாதை, அல்லது வீட்டுக்கு எதிரே புதிதாக முளைத்த மெட்ரோ வேலி.

2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்கள் ஈ20-க்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. புதுக் கார் வாங்குகிறவருக்கு ரப்பர் குழாய் கெடுமா, சீல் இளகுமா என்ற கவலை தேவையில்லை. பழைய கார் வாங்குகிறவர் மட்டும் தயாரிப்பு மாதத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

‘லிட்டருக்கு எத்தனை’ என்ற கேள்வியே கொஞ்சம் ஏமாற்றும்

இரண்டு பேர் கார் மாற்றுகிறார்கள். ஒருவர் 10 தரும் காரிலிருந்து 13 தரும் காருக்கு. இன்னொருவர் 18-லிருந்து 22-க்கு. யாருக்கு லாபம் அதிகம்? நான்கு கூடியவருக்குத்தான் என்று வாய் சொல்லிவிடும். ஆண்டுக்கு 10,000 கி.மீ. என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்.

முதலாமவர்: 1,000 லிட்டர் 769 ஆகிறது. மிச்சம் 231 லிட்டர்.
இரண்டாமவர்: 556 லிட்டர் 455 ஆகிறது. மிச்சம் 101 லிட்டர்.

மூன்று கிலோமீட்டர் கூடியவருக்கு இரண்டு மடங்குக்கு மேல் லாபம். மைலேஜ் ஏற ஏற, ஒவ்வொரு கூடுதல் கிலோமீட்டரின் மதிப்பும் தேய்ந்துகொண்டே போகிறது. நாம் செலவழிப்பது லிட்டரை. விளம்பரம் பேசுவது கிலோமீட்டரை. ஐரோப்பாவில் ‘100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர்’ என்று திருப்பிச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் இந்த மயக்கம் வராது. நம் ஊரிலும் அப்படி எழுதவைத்தால் பல விளம்பரங்களின் பளபளப்பு போய்விடும்.

இதன் விளைவு: 19 தருவதா 20.5 தருவதா என்று இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொள்வது வீண். அந்த வித்தியாசம் மாதத்துக்கு ஒரு குடும்ப ஹோட்டல் செலவுகூட வராது.

எந்த எரிபொருள், யாருக்கு?

கீழே உள்ள கணக்குகளுக்கு பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 92.50, சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) கிலோ 90 என்று வைத்துக்கொள்வோம். பங்க் விலை மாறினால் எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஓட்டம் ஆண்டுக்கு 10,000 கி.மீ. சென்னைக்குள் அலுவலகம், பள்ளி, வார இறுதி, எப்போதாவது ஊர் என்றால் இதுதான் வழக்கமான அளவு. மைலேஜ் எண்கள் எல்லாம் ஏசியோடு ஊருக்குள் ஓட்டினால் என்ற கணக்கில்.

1. சாதாரண பெட்ரோல், லிட்டருக்கு 13. ஆண்டுக்கு 769 லிட்டர், சுமார் 77,700 ரூபாய். இதுதான் நம் அளவுகோல்.

2. சிஎன்ஜி, கிலோவுக்கு 20. 500 கிலோ, 45,000 ரூபாய். மிச்சம் 32,700. பெட்ரோல் மாடலைவிட ஆன்-ரோடு விலை ஒரு லட்சம் கூடுதல் என்றால் மூன்று ஆண்டில் போட்ட காசு வந்துவிடும். வெறும் கணக்கில் சிஎன்ஜிதான் முதல் ரேங்க். ஆனால் டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்துகொள்ளும். டாடாவும் ஹூண்டாயும் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்னதைத் தரைக்கடியில் வைத்துக் கொஞ்சம் இடம் மிச்சப்படுத்துகின்றன. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டரை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், நீங்கள் தினமும் போகும் வழியில் சிஎன்ஜி பங்க் இருக்கிறதா, அங்கே ஆட்டோ வரிசை எவ்வளவு நீளம் என்பது. வாங்குமுன் ஒரு திங்கட்கிழமை காலை போய் நின்று பாருங்கள். சொந்த ஊருக்குப் போகிற வழியையும் பார்த்துவிடுங்கள்.

3. ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ளது), லிட்டருக்கு 21. 476 லிட்டர், 48,100 ரூபாய். மிச்சம் 29,600. இது 4 மீட்டருக்கு மேற்பட்ட வகுப்பில்தான் கிடைக்கிறது: கிராண்ட் விட்டாரா, ஹைரைடர். விளம்பர எண் 27.97. சாதாரண பெட்ரோல் மாடலைவிட மூன்றரை லட்சம் கூடுதல் என்றால் காசு திரும்ப ஏறக்குறைய 12 ஆண்டு. அதே ஆள் ஆண்டுக்கு 25,000 கி.மீ. ஓட்டினால் ஐந்து ஆண்டுக்குள்.

4. டீசல், லிட்டருக்கு 17. 588 லிட்டர், 54,400 ரூபாய். மிச்சம் 23,300. ஒன்றரை லட்சம் கூடுதல் விலை என்றால் ஆறரை ஆண்டு.

ஹைப்ரிட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயரில்தான் குழப்பம் அதிகம். ‘ஸ்மார்ட் ஹைப்ரிட்’, ‘மைல்டு ஹைப்ரிட்’ என்று ஒட்டியிருக்கும் வண்டிகளில் ஒரு சின்ன மோட்டார், எஞ்சினுக்குக் கைகொடுக்கும். அது தனியாகக் காரை நகர்த்தாது. ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் நகர்த்தும். நெரிசலில் எஞ்சின் அணைந்துபோய், பேட்டரியில் மோட்டாரும் ஏசியும் ஓடும். பிரேக் போடும்போது வீணாகும் சக்தியில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பும். ஆகவே மற்றக் கார்கள் எங்கே தோற்கின்றனவோ, ஆற்காடு சாலையில், அங்கேதான் இது ஜெயிக்கும். நெடுஞ்சாலையில் சீராக 100-ல் போனால் பிரேக்கும் இல்லை, நிற்பதும் இல்லை. அதன் சாமர்த்தியத்துக்கு வேலை குறைவு. மாதம் இரண்டு முறை திருச்சி போகிறவர் ‘ஹைப்ரிட்னு சொன்னாங்க, பெருசா ஒண்ணும் தெரியல’ என்பதும், போரூர்க்காரர் அதையே தூக்கிவைத்துக் கொண்டாடுவதும் இதனால்தான். பேட்டரி பின்பக்கம் இருப்பதால் டிக்கி சுருங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பெரிய பெட்டி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டீசலுக்கு வேறொரு சங்கடம். இன்றைய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு, டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியை அது தானே எரித்துக்கொள்ள, நல்ல வேகத்தில் ஒரு நீண்ட ஓட்டம் வேண்டும். அண்ணா நகரிலிருந்து அமைந்தகரைக்குப் பள்ளிக்குக் கொண்டுவிட்டுத் திரும்புகிற வண்டிக்கு அது கிடைக்காது. விளக்கு எரியும், சர்வீஸ் செலவு வரும். ‘டீசல் காரைப் பத்து வருஷத்தில் தூக்கிப்போடணும்’ என்று பயப்படுகிறவர்கள் குழப்பிக்கொள்வது டெல்லி வட்டாரத்து விதியை. சென்னையில் டீசலை யோசிக்கவைக்க அந்த விதி தேவையே இல்லை, வடிகட்டியே போதும்.

கியர் பற்றி ஓரிரு வரி. ஏஎம்டி என்பது மேனுவல் கியரை இயந்திரம் போட்டுக்கொடுப்பது: மைலேஜ் கெடாது, விலை குறைவு, கியர் மாறும்போது தலை லேசாக ஆடும். மற்ற ஆட்டோமேட்டிக் வகைகளில், படிப்படியான கியர் இல்லாத சிவிடி வழுவழுப்பு, பழைய பாணி டார்க் கன்வர்ட்டர் நம்பகம். இரட்டைக் கிளட்ச் உள்ள டிசிடி வேகமாக மாற்றும், ஆனால் உலர் கிளட்ச் (எண்ணெயில் மூழ்காதது) உள்ளவை ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் சூடாகும். ஓஎம்ஆரில் தினம் போகிறவருக்கு ஏதோ ஒரு ஆட்டோமேட்டிக் வேண்டும். இடது முழங்காலுக்கு எந்த மைலேஜும் ஈடில்லை. டர்போ பெட்ரோல் எஞ்சின்கள் சோதனைக்கூடத்தில் சமர்த்துப் பிள்ளைகள். சிக்னல் விழுந்ததும் மிதிக்கிற கால் உங்களுடையது என்றால் விளம்பர எண்ணிலிருந்து மிக அதிகமாக விலகுவதும் அவைதான்.

பத்து லட்சம் என்ற கோடு

மைலேஜ் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் காருக்கான ஆயுட்கால சாலை வரி உயர்ந்தது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 5-லிருந்து 10 லட்சம் வரை 13, 10-லிருந்து 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். வருமான வரி போல மேற்பட்ட தொகைக்கு மட்டும் கூடுதல் என்றில்லை. முழு விலைக்கும் அந்த சதவீதம்.

9,95,000 ரூபாய் கார்: 13 சதவீதம், வரி 1,29,350.
10,05,000 ரூபாய் கார்: 18 சதவீதம், வரி 1,80,900.

விலையில் வித்தியாசம் பத்தாயிரம். வரியில் 51,550. அந்தப் பணத்துக்கு 510 லிட்டர் பெட்ரோல் வரும். லிட்டருக்கு 13 என்றாலும் 6,600 கி.மீ. ஓடலாம், நம் கணக்கில் எட்டு மாத ஓட்டம். சின்ன எஸ்யூவிகளில் நடுத்தர மாடலும் அதற்கு மேற்பட்டதும் இந்தக் கோட்டின் இரு பக்கமும்தான் நெருக்கியடித்து நிற்கின்றன. ‘இன்னும் கொஞ்சம் போட்டா சன்ரூஃப் வந்துடும் சார்’ என்று ஷோரூமில் சொல்லும்போது, அந்தக் ‘கொஞ்சம்’ கோட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். சன்ரூஃப் எதற்கு என்பது தனிக் கேள்வி. சென்னை வெயிலில் கூரையில் கண்ணாடி வைத்து, அந்தச் சூட்டைக் குறைக்க ஏசியைக் கூட்டி, அதற்குப் பெட்ரோல் ஊற்றுவதில் என்ன சிக்கனம் என்று எனக்கு விளங்கியதில்லை.

கோட்டைத் தாண்டினாலும் பரவாயில்லை என்று சொல்லத்தக்க ஒரு விஷயம் பாதுகாப்பு. 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே பாரத் என்கேப் மோதல் சோதனை நடக்கிறது. நட்சத்திர எண்ணிக்கையைப் பார்க்கும்போது, நீங்கள் வாங்குகிற அதே மாடலிலும் அந்த ஏர்பேக்குகள் எல்லாம் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

தண்ணீரில் எஸ்யூவி

‘மழைக்கு எஸ்யூவிதான் சரி’ என்பது 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் வேரூன்றிய நம்பிக்கை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அதை இன்னும் அழுத்தியது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் முழுக்கக் கார்களை ஏற்றி வரிசையாக நிறுத்திவிட்டார்கள். அந்த வரிசையில் எஸ்யூவிகளும் இருந்தன. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி இந்த வகுப்பில் 200 மில்லிமீட்டரை ஒட்டி. ஹேட்ச்பேக்கைவிட மூன்று, நான்கு சென்டிமீட்டர் கூடுதல். வீட்டுவசதி வாரியக் குடியிருப்புத் தெருக்களின் ஸ்பீடு பிரேக்கருக்கும் குழிக்கும் இது அருமை. வெள்ளத்துக்கு இது அளவே இல்லை. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. அதற்குள் தண்ணீர் போனால் சிலிண்டருக்குள் போகும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சின் போய்விடும். முட்டளவுத் தண்ணீரில் வண்டி நின்றுபோனால் மறுபடி சாவியைத் திருப்பாமல், பட்டனை அழுத்தாமல் தள்ளிக்கொண்டு வருவதே வழி. சாதாரண இன்ஷூரன்ஸ் இந்தச் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்காது. ‘எஞ்சின் புரொடெக்ட்’ என்று தனியாகச் சேர்க்க வேண்டும். பள்ளிக்கரணையிலோ முடிச்சூரிலோ இருப்பவர் சீட் கவரில் மிச்சம் பிடித்தாவது இதை எடுத்துவிடலாம்.

உங்கள் எண்ணை நீங்களே எடுப்பது

இப்போது ஓட்டிக்கொண்டிருக்கும் காரில் இதைச் செய்து பார்த்துவிட்டுப் புதுக் காருக்குப் போனால், ஷோரூமில் சொல்கிற எந்த எண்ணையும் எடைபோட ஒரு படிக்கல் கையில் இருக்கும்.

1. ஒரு பங்க்கில் டேங்க் ஃபுல் செய்யுங்கள். நாசில் தானாக ‘டக்’ என்று நிற்கும். அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். “ரவுண்டா போட்டுடவா சார்?” என்று கேட்பார். வேண்டாம்; அந்த ரவுண்டில்தான் கணக்கு பிசகும்.
2. டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள்.
3. குறைந்தது 350 கி.மீ. வழக்கம்போல ஓட்டுங்கள். சிக்கனமாக ஓட்ட முயலாதீர்கள்.
4. அதே பங்க், முடிந்தால் அதே நாசில். மறுபடி ‘டக்’ வரை.
5. ஓடிய கிலோமீட்டரை, இப்போது ஊற்றிய லிட்டரால் வகுங்கள்.

386 கி.மீ. ஓடி, 30.2 லிட்டர் பிடித்தது என்றால் 12.8. டேஷ்போர்டு திரை 14 என்று காட்டிக்கொண்டிருக்கலாம். திரைகள் பொதுவாகக் கொஞ்சம் நம்மைச் சந்தோஷப்படுத்தப் பார்க்கும். பில்லில் இருக்கும் லிட்டர்தான் சாட்சி. இப்படி மூன்று முறை எடுத்து சராசரி போட்டால் போதும். அந்த எண்ணை உங்கள் பழைய காரின் விளம்பர எண்ணால் வகுத்தால் உங்கள் பாதைக்கான விகிதம் கிடைத்துவிடும். 20 சொன்ன கார் உங்களிடம் 12.8 தருகிறது என்றால் விகிதம் 0.64. அதே வகை எஞ்சின், அதே வகை கியர் உள்ள புதுக் காரின் எண்ணை இதனால் பெருக்கினால் கிட்டத்தட்ட சரியாக வரும். 17.4 என்றால் 11. ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு மட்டும் இந்த விகிதம் பொருந்தாது.

புக்கிங் பணம் கட்டுமுன் இன்னும் இரண்டு வேலை. ஒன்று, இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு அபார்ட்மென்ட் ஸ்டில்ட் பார்க்கிங்கில் தூணுக்குத் தூண் அளப்பது. இந்த வண்டிகள் பல 1.79 மீட்டர் அகலம். கதவைத் திறந்து இறங்க இடம் வேண்டும், பக்கத்துக்காரர் வண்டியையும் எஸ்யூவி ஆக்கிவிட்டால் என்ன ஆகும் என்றும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று டெஸ்ட் டிரைவ். ஷோரூமில் காலை 11 மணிக்கு வரச் சொல்வார்கள். சாலை காலியாக இருக்கும், வண்டி சறுக்கிக்கொண்டு போகும். மாலை ஆறரைக்குக் கேளுங்கள். வீட்டில் நான்கு பேர் என்றால் நான்கு பேரும் ஏறுங்கள், ஏசியை நீங்கள் வழக்கமாக வைக்கிற அளவில் வையுங்கள், டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, ஷோரூம் பையன் காட்டுகிற வழியை விட்டு உங்கள் வீட்டு வழியில் திருப்புங்கள்.